சாமிக்கு முன்னால் போகும் வண்டி

செம்மண்பட்டு மாரியம்மன் கோயில் பூசாரி அன்று காலையில் வரிசையாக நின்ற ரேஸ் வண்டிகளுக்கெல்லாம் தன் கையாலேயே சந்தனம் வைத்தார். மூன்று விரலால் அள்ளி டேங்கில் ஓர் இழுப்பு, ஹெட்லைட்டில் ஓர் இழுப்பு, நடுவில் குங்குமம். தமிழழகனின் வண்டிக்கு வந்தபோது மட்டும் அவருக்குக் கை வலித்துவிட்டது போலும். ஒரு கிள்ளுச் சந்தனத்தை வாழையிலைத் துண்டில் வைத்து, இரண்டடி தள்ளி மண்ணில் போட்டார்.

"நீயே எடுத்து வச்சிக்கப்பா," என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

தமிழழகன் பல்லைக் கடித்துக்கொண்டான். ரேஸ் நாளில் வாயைக் கொடுத்தால் வாய்தான் ஓடும், வண்டி ஓடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் பெண்டாட்டி செவ்வந்திக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல். அவள் அந்த இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பூசாரி கையிலிருந்த பித்தளைத் தட்டில் கையை விட்டு, கை கொள்ளுமட்டும் சந்தனத்தை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னாம்மா இது, சாமி தட்டுல கைய வுடற?" என்று பூசாரி பதறினார்.

"சாமி தட்டுதான? ஒன் வூட்டுத் தட்டு இல்லியே? எங்களுக்கும் அவதான் சாமி."

சொல்லிக்கொண்டே ஹெட்லைட், டேங்க், டேங்க் மூடி என்று ஓர் இடம் பாக்கி வைக்காமல், சுவருக்கு மண் பூசுவதுபோல் அப்பினாள். கூட்டம் வாயைப் பிளந்தது. தமிழழகனுக்கு உள்ளே பயமாகவும் இருந்தது, நிறைவாகவும் இருந்தது. கரும்பு லாரியில் பாரம் ஏற்றி ஏற்றி அவன் தோள் இறுகியிருந்தது, நாக்கு மட்டும் இறுகவில்லை. அவனால் சொல்ல முடியாததை அவள் சொல்லிவிட்டாள்.

மாசித் திருவிழாவுக்கு இந்த ரேஸ் நடப்பது நாலைந்து வருடமாகத்தான். கல்வராயன் மலையடிவாரத்தில் ஊர்ப் பெரியவர் பூமாலைக்குச் சொந்தமாக ஒரு மரவள்ளிக் காடு. கிழங்கு பிடுங்கி முடித்ததும் அதில் வளையமாக ஒரு மண் தடம் போட்டுவிடுவார்கள். முதலாவதாக வருகிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு. அன்று சாயங்காலம் அம்மன் தேர் கிளம்பும்போது, மாலை போட்ட வண்டியில் உட்கார்ந்து, தேருக்கு முன்னால் அவன் நடுத்தெரு முழுக்கப் போக வேண்டும். போன இரண்டு வருடமும் பூமாலையின் மகன் சிவசங்கர்தான் போனான்.

தமிழழகனுக்கு வேண்டியது அந்த மரியாதைதான், அதிலும் அந்தத் தெருதான். அவனைப் போன்ற காலனிக்காரர்கள் நடுத்தெரு முனை வந்ததும் வண்டியை அணைத்து, இறங்கி, தள்ளிக்கொண்டு போவார்கள். யாரும் எழுதிப் போட்டுவைக்கவில்லை. யாரும் இப்போது அடிப்பதுமில்லை. இறங்காமல் போனவனுக்கு மறுநாள் கரும்பு வெட்டு இருக்காது, அவ்வளவுதான். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரமாகிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் வாசல்வரை வண்டியில் உட்கார்ந்தபடியே போகலாம், யாரும் கேட்பதில்லை. சொந்த ஊர் நடுத்தெருவில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டும். இதை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரியும். ஜெயித்தால், சாமி பெயரைச் சொல்லி, எல்லோர் கண் முன்னாலும் உட்கார்ந்துகொண்டே போகலாம். அதற்காகத்தான் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டி, வருடம் பூராவும் அதோடு மல்லுக்கட்டினான்.

இரண்டு தகுதி ஓட்டங்கள், ஒவ்வொன்றிலும் முதல் நான்கு பேருக்குத்தான் இறுதியில் இடம். கொடி இறங்கியதும் தமிழழகன் சிட்டாகப் பறந்தான். இரண்டு சுற்றுவரை அவனுக்கு முன்னால் மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாவது சுற்றில் வண்டி விக்கியது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க உயிர் குறைந்துகொண்டே போனது. ஒவ்வொருவனாக அவனைத் தாண்டினான்.

"காலனி எக்ஸ்பிரஸ் மூச்சு வாங்குதுப்பா! யாராச்சும் ஒரு சோடா குடுங்கப்பா!" என்று மைக்கில் ஒருவன் கத்தினான். காடே சிரித்தது.

நொண்டி நொண்டி நாலாவதாகக் கோட்டைத் தாண்டினான். இன்னும் பத்து அடி இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். வண்டியைப் போட்டுவிட்டு நேராகச் சிவசங்கரிடம் போய் நின்றான். இருவரும் கச்சிராயபாளையம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"இன்னாடா கலந்த என் பெட்ரோல்ல?"

"பைத்தியமாடா ஒனக்கு? நான் ஒன் வண்டிகிட்டகூட வரல," என்றான் சிவசங்கர். "போய் பிளக்கப் பாரு, கார்ப்ரேட்டரப் பாரு. சும்மா மேல வுழாத."

"நீ வரல, ஒங்காளு வந்திருப்பான். காலைல ஒரு புடி சந்தனத்துக்கே ஒங்களுக்குப் பொறுக்கல!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அதைச் சொன்னவன் நடுத்தெருவில் வீடு கட்டி வாழ்ந்தவனாக இருக்க வேண்டும், ஆத்திரப்பட வேண்டிய தேவையே அவனுக்கு வந்திருக்காது. ஆனாலும் அன்றைக்கு அந்தச் சொல் தமிழழகனைத்தான் பிடித்தது. வண்டிக்குத் திரும்பி வந்து டேங்க் மூடியைத் திருகியபோது 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. அவன் சிவசங்கர் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்ததால் அது காதில் ஏறவில்லை. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு முகர்ந்து பார்த்தான். பெட்ரோல் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கும் கோபம் வந்தது. கலப்படமாக இருந்திருந்தாலாவது திட்டியதற்கு ஒரு பொருள் இருந்திருக்கும்.

பிளக்கை மாற்றினான். கார்ப்ரேட்டரைக் கழற்றி, துளைகளை ஊதி, திரும்பப் பூட்டினான். புழுதியைத் துணியால் துடைத்தான். சந்தனத்தை மட்டும் துடைக்கவில்லை. அது மூடிமேல் காய்ந்து ஓடாகியிருந்தது. அவள் சண்டை போட்டு அள்ளிக்கொண்டு வந்ததை எந்தக் கையால் துடைப்பது? ஒரே உதையில் வண்டி கிளம்பித் தொண்டை கிழியக் கத்தியது.

"செரியாப் போச்சா?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"கார்ப்ரேட்டர்லதான் ஏதோ அடச்சிக்கினு இருந்திருக்கு. இனிமே நிக்காது."

இறுதி ஓட்டம் எட்டுச் சுற்று, எட்டு வண்டி. தமிழழகன் முதல் வளைவிலேயே சிவசங்கரை வெளிப்பக்கமாகச் சுற்றித் தாண்டினான். காலனிப் பக்கம் விசில் பறந்தது. மூன்றாவது சுற்றின் பாதியில் அதே விக்கல் வந்தது. வரப்பு மேட்டில் ஏறும்போது என்ஜின் ஒருமுறை இருமியது, பிறகு பொட்டென்று செத்துப்போனது.

பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இருபுறமும் மண்ணை வாரி அடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு மேட்டில் சத்தமே இல்லை. தமிழழகனுக்கு அழுகை முட்டியது, அதைவிட வெறி முட்டியது. டேங்கை ஒரு குத்துக் குத்தினான். பெட்ரோலாவது இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினான்.

'உஸ்ஸ்ஸ்.'

இந்த முறை காது கேட்டது.

எண்ணெய் டின்னில் ஓர் ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் வராது. எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டுக் காற்றை உள்ளே விட வேண்டும். பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். மூடியில் ஊசிமுனை அளவு ஒரு காற்றுத் துளை உண்டு. அது அடைந்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடும், பிறகு டேங்க் உள்ளுக்குள்ளேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டும் கீழே விடாது. மூடியைப் புரட்டிப் பார்த்தான். துளை இருந்த இடத்தில் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. முதலில் அவன் மூடியைத் திறந்தபோது காற்று உள்ளே போயிருக்கிறது, அதனால்தான் கார்ப்ரேட்டரைக் கழற்றியதும் சரியாகிவிட்டதாக ஏமாந்தான்.

"அடிப்பாவி!" என்று வாய்விட்டே கத்தினான். அடுத்த மூச்சிலேயே, மண்ணில் விழுந்த அந்த வாழையிலைத் துண்டு நினைவுக்கு வந்தது. அவள் கையை அந்தத் தட்டுக்குள் தள்ளியது யார்? பூசாரி ஒழுங்காக மூன்று விரலால் ஓர் இழுப்பு இழுத்திருந்தால் இந்த மூடிமேல் ஒரு பொட்டுகூட விழுந்திருக்காது. அவனுக்கு உச்சந்தலைவரை சூடேறியது.

நகத்தால் சுரண்டினான், வரவில்லை. ஊசி தேட நேரமில்லை. மூடியைப் பாதி மட்டும் திருகி, தொளதொளவென்று விட்டுவிட்டு உதைத்தான். வண்டி எழுந்தது.

அதற்குப் பிறகு அவன் ஓட்டியது ரேஸ் என்று சொல்ல முடியாது. கண் மண் தெரியாத ஓட்டம். ஒவ்வொரு மேட்டிலும் மூடி இடுக்கிலிருந்து பெட்ரோல் தெறித்து வயிற்றையும் தொடையையும் நனைத்தது. போகப் போகத் தொடையிடுக்கு மிளகாய் அரைத்துப் பூசியதாகக் காந்தியது. கீழே என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பொறி பட்டால் ஆளே கருகிவிடுவான் என்று தெரிந்தது. தெரிந்தும் முறுக்கினான். ஈர வளைவில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். மற்றவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தான். கடைசிச் சுற்றில் மிஞ்சியது சிவசங்கர் மட்டும். அவன் நல்ல ஓட்டக்காரன், சுலபமாக விடவில்லை. கோட்டுக்கு முன்னால் இருந்த கடைசி மேட்டில் சிவசங்கர் பிரேக்கைத் தொட்டான், தமிழழகன் தொடவில்லை. ஒரு சக்கர வித்தியாசம்.

மைக்குக்காரனுக்கு இப்போது சோடா தேவைப்பட்டது. சத்தமே காணோம்.

விழாக் குழுத் தலைவர் பூமாலைதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் மெதுவாக வந்தார்.

"நல்லா ஓட்டுனடா அழகா. இல்லேங்கல. ஆனா வண்டியப் பாரு, பெட்ரோல் ஊத்திக்கினு நிக்குது. சாமிக்கு முன்னால கற்பூரம் கொளுத்தற எடம். ஏதாச்சும் ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? இந்த வாட்டி ரெண்டாவது வந்த வண்டி போவட்டும்."

"மூடிய லூசா வுட்டதால சிந்திச்சிண்ணே. இப்ப பாருங்க," என்று தமிழழகன் மூடியை இறுக்கிக் காட்டினான். "எங்க ஒழுவுது?"

"உள்ள பெட்ரோல் கீதா இல்லியா, அத்தச் சொல்லு."

பெட்ரோல் இல்லாமல் சிவசங்கர் வண்டி மட்டும் தண்ணீரிலா ஓடியது? இதைக் கேட்க அங்கே ஊர்க்காரன் ஒருவனுக்கும் வாய் இல்லை. "அவந்தாம்ப்பா ஜெயிச்சான்," என்று சிவசங்கர் முணுமுணுத்தான். அப்பா திரும்பிப் பார்த்ததும் ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

தமிழழகன் வண்டியை அவர் முன்னாலேயே நிறுத்தினான். ஒரு கேனைக் கொண்டுவந்து வைத்து, பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, அத்தனை பேர் பார்க்க டேங்கைக் கடைசிச் சொட்டுவரை வடித்தான். மூடியைத் திறந்து பூமாலையின் முகத்துக்கு நேராக வண்டியைச் சாய்த்துக் காட்டினான்.

"இப்ப கொளுத்துங்க கற்பூரத்த."

காலனி இளைஞர்கள் கையில் போன்கள் உயர்ந்தன. எல்லாம் படமாகிக்கொண்டிருந்தது. பூமாலை அதைப் பார்த்தார். அவர் விவரமான ஆள்.

"செரி, ஒன் ஆசைய ஏன் கெடுக்கணும்? என்ஜின் போடாத, தள்ளிக்கினு வா," என்று சொல்லி லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எதற்கென்று தமிழழகனுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. உயிரைப் பணயம் வைத்து ஓட்டி முதலாவதாக வந்து, தன் கையாலேயே டேங்கைக் காலி செய்து, கடைசியில் மாலை போட்டுக்கொண்டு அதே தெருவில் அதே மாதிரி இறங்கித் தள்ளுவதா? அவரை அங்கேயே அடித்துவிடலாமா என்றிருந்தது.

சாயங்காலம் தேர் கிளம்பியது. நடுத்தெரு முனையில் மேளம் முழங்க, மாலை போட்ட வண்டியின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தமிழழகன் தலைகுனிந்து நின்றான். செவ்வந்தி பின்னாலிருந்து வந்து அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏறி ஒக்காரு."

"பெட்ரோல் இல்லடி."

"எனக்குத் தெரியாதா? என்ஜின் போடக் கூடாதுன்னுதான சொன்னான் அந்தாளு? யாரு தள்ளணும்னு சொல்லலியே. ஏறுய்யா, நான் தள்றேன்."

"பொம்பள நீ தள்ள, நான் ஒக்காந்துக்கினு வரதா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எறங்குன, அவ்ளோதான் சொல்லிட்டேன். வூட்டுக்கே வராத."

அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டின் பின்கம்பியில் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினாள். காலனி இளைஞர்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். "கைய எடுங்கடா, நானே தள்றேன்," என்று அதட்டினாள். வாசல் வாசலாக ஆட்கள் தட்டும் கையுமாக வெளியே வந்து, அப்படியே நின்றார்கள். ஜெயித்த சந்தோஷம் தமிழழகனுக்கு ஒரு துளியும் இல்லை. தொடை காந்தியது, பின்னால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது, ஒவ்வொரு வீட்டையும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டே போனான்.

பாதித் தெருவில் பின்னாலிருந்து பூமாலையின் குரல் வந்தது.

"சீக்கிரம் போம்மா! சாமி நிக்குது!"

செவ்வந்தி திரும்பவில்லை. தள்ளுவதையும் வேகப்படுத்தவில்லை.

"நிக்கட்டும். அவளுக்கு இன்னா அவசரம்?"