பூட்டுக்காரரின் மூன்றாம் எண்

மேசை இழுப்பறையைப் பூட்டியபின் அதை இழுத்துப் பார்ப்பதும், வாசல்வரை போய்த் திரும்பிவந்து மறுபடி இழுப்பதும் அவர் வழக்கம். அலுவலகத்தில் அவருக்குப் பூட்டுக்காரர் என்றே பெயர். ரயில் படுக்கைகளை ஒதுக்கும் பெருங்கணினிக்கு கணினியின் அடிமட்ட மொழியான அசெம்பிளரில் நிரல் எழுதுபவர். அதிலும் அதே குணம். ஒப்பிட வேண்டிய மதிப்பைப் பொது நினைவிடத்தில் வைத்தால் எவனாவது கைவைப்பான் என்று, கட்டளைக்குள்ளேயே அதைப் பதித்துவிடுவார்.

பயணிகளில் நோயாளிகளின் குறி மூன்று; மற்றவர்களுக்குப் பூஜ்யம். "குறி மூன்றா என்று பார்" என்னும் வரியைப் பழைய நிரலில் புதிதாகச் செருகினார். மூன்றானால் கீழ்ப்படுக்கை. முதல் நோயாளிக்குச் சரியாகக் கிடைத்தது. அடுத்தவர் முதல் எல்லா நோயாளிகளும் மேலே ஏற, திடகாத்திரமானவர்கள் கீழே கால்நீட்டினார்கள். நிரல் ஓடியபின் நினைவகத்தில் இருந்ததை அச்சிட்டுப் பார்த்தார். கட்டளைக்குள் மூன்று இருந்த இடத்தில் பூஜ்யம்!

ஓடும்போதே யாரோ மாற்றியிருக்கிறார்கள். கணினியை இயக்கும் இடத்தில் அப்போது இருந்தவன் அவர் மனைவியின் தம்பி மட்டுமே. மேலாளரிடம் புகார் போயிற்று. அவனுக்குக் கணினி அனுமதி பறிபோனது. விசாரணையில் வேலையும் போகும் நிலை.

"அத்தான், உங்க டிராயரையே என்னால திறக்க முடியாது. கட்டளைக்குள்ள எப்படிக் கைய விடுவேன்?"

"சிரிக்காதே. சிரிக்கிறவன்மேலதான் எனக்குச் சந்தேகம்."

"அப்போ அக்காவையும் சந்தேகப்படுங்க. நீங்க பூட்ட இழுக்கறப்பல்லாம் அவதான் சிரிக்கிறா."

அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க எண்ணி, நிரலை வரிவரியாகப் படித்தார். புதிய வரிக்கு நேர் கீழே அவரே என்றோ எழுதிய ஒரு கட்டளை: "எனக்கு முந்தைய வரிக்குள் 'எப்போதும் தாண்டு' என்ற குறியை எழுது." அந்தக் குறியைக் கணினி எழுத்தாகப் படித்தால் பூஜ்யம்; மூன்றின்மேல் விழுந்தது அதுதான். முந்தைய வரி எதுவென்று அது பெயர் கேட்கவில்லை; தூரத்தை மட்டும் அளந்தது. அது மாற்ற வேண்டிய பழைய வரிக்கும் அதற்கும் இடையில் புதிய வரியைச் செருகியவரும் அவரேதான்.

புதிய வரியைச் சத்தமில்லாமல் இடம் மாற்றினால் எவருக்கும் தெரியாது. பழி மட்டும் மைத்துனன் தலையில் நிற்கும். விசை மேல் வைத்த விரலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

விசாரணை அறையில் எல்லாரும் கேட்க மேலாளரிடம் சொன்னார்: "மேடம், கைவச்சது நான் எழுதின கட்டளைதான். இவன் ஒண்ணும் பண்ணல. புகார நான் வாபஸ் வாங்கறேன். அனுமதியத் திருப்பிக் குடுங்க. இனிமே என் நிரல இவன் படிச்சு, சரின்னு சொன்னாத்தான் ஓடணும்."

பிறகு மைத்துனன் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுடு, மாப்ளே."

"மன்னிக்கறேன் அத்தான். ஆனா அந்தப் புகார் வாபஸ் ஆயிடுச்சான்னு ஒரு தடவ இழுத்துப் பாத்துடுங்க."

மேலாளர் சிரித்துவிட்டார். பூட்டுக்காரர் அந்தச் சிரிப்பைச் சந்தேகிக்கவில்லை. புகார்த்தாளைக் கேட்டு வாங்கி, அவன் கண்முன்னே கிழித்தார்.