பொன்னுதாஸ் சார் காட்டிய நட்சத்திரம்

நெய்யாற்றின்கரையில் தனியார் டுடோரியலான பாரலல் காலேஜில் பிசிக்ஸ் எடுக்கிற பொன்னுதாஸ் சாருக்கு ஆகாயத்தோடுள்ள பழக்கம், காயப்போட்ட துணி நனையுமா என்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆனால் தொண்ணூற்றாறு ஜனவரியில் மலையாளப் பத்திரிகையில் ஒரு செய்தி வாசித்துவிட்டார். கன்னி ராசியில் தூரத்து நட்சத்திரம் ஒன்றை ஒரு கோள் சுற்றுகிறதாம். அங்கே தண்ணீர் உறையாமல், ஆவியாகாமல் இருக்கலாமாம். உயிர் வாழ வழியுண்டாம்.

வாசித்ததை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியுமா? அந்த வாரம் பாறசாலையில் சாரின் சபைக்காரி ரத்னபாய் வீட்டில் ஆறுதல் ஜெபம். அவள் மகள் ஷாலு கிறிஸ்துமஸுக்கு முன்பு காய்ச்சலில் போய்விட்டாள். பேச எழுந்த சார் பரலோகத்தில் தொடங்கி அந்தக் கோளில் வந்து நின்றார். ஜெபக்கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் நாலு பேர் ‘ஆமேன்’ போடுவார்கள். சாருக்கு அது தலைக்கேறிவிட்டது.

ஜெபம் முடிந்து அந்தி மங்கலில் முற்றத்தில் இறங்கியவரிடம் ரத்னபாய் வந்தாள்.

“சாரே, நம்ம ஷாலு அங்கயா இருப்பா?”

“இருக்கலாம் அக்கா. கர்த்தருக்கு முடியாதது உண்டா?”

“அது எதாக்கும்?”

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மேற்கே ரப்பர் மரங்களுக்கு மேல் பளிச்சென்று நின்ற ஒன்றைக் காட்டி, “அந்தா, அதாக்கும்” என்றார்.

மே மாதக் கடைசியில், வெக்கேஷன் கிளாஸ் நேரத்தில், ரத்னபாய் காலேஜ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“சாரே, நட்சத்திரத்தக் காணல்லியே. தாந்து தாந்து போச்சு. நான் ஜெபத்துல குற வச்சேனா?”

அப்போதுதான் சாருக்கு உறைத்தது. அன்று காட்டியது நட்சத்திரமே இல்லை, வெள்ளிக் கோள். சூரியனைச் சுற்றுகிற அது இப்போது நம் பார்வைக்குச் சூரியனுக்கு அருகே போய் அதன் ஒளியில் மறைந்திருக்கிறது. வருஷாவருஷம் கரும்பலகையில் படம் போட்டு அவரே நடத்துகிற பாடம். வெட்கத்தில் காது சுட்டது. மழைமேகத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று நினைத்தார். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

“அக்கா, அது வெள்ளியாக்கும். பத்திரிகையில சொன்ன நட்சத்திரம் எதுண்ணு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கைகாட்டினேன்.”

ரத்னபாய் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை. சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“தெனமும் அந்திக்கு அதப் பாத்துத்தான் சாரே அவகிட்ட பேசுவேன். சோறு வடிச்சாச்சு, படுத்துக்கோ மக்காண்ணு. அதெல்லாம் ஆருகிட்ட போச்சு?”

ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மணி அடித்தது. பொன்னுதாஸ் சாருக்கு உள்ளே போக முகமில்லை.