தாப்பிர் ஏறிய வண்டி

யோகேந்திரனின் மனசு சிரம்பானில் ஒரு ஷோரூம் கண்ணாடிக்குள் கிடந்தது. அங்கே நின்ற வெள்ளை பிக்கப் வண்டியை அவன் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தோல் இருக்கை, ஆட்டோ கியர், பின்னால் போகும்போது படம் காட்டும் கேமரா. வீட்டுக்கு வந்தால் கைப்பேசியில் அதே வண்டியின் வீடியோக்கள். ஒன்றில் அது பாறைமேல் ஏறும், இன்னொன்றில் ஆற்றைக் கடக்கும்.

"நான் போறது அம்பாங்கான் வீட்டுலேருந்து ஆஸ்பத்திரிக்கு. நடுவுல எந்த ஆறுங்க இருக்கு?" என்று கேட்டாள் மாதவி.

வண்டியை ஓட்டப்போவது அவள்தான். சிரம்பானில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் அவளுக்கு வேலை. தினமும் காலை நெரிசலில் ஊர்ந்து போய், மாடி மாடியாக ஏறும் கார் நிறுத்தத்தில் இடம் தேடிப் பிடிக்க வேண்டும். சனி ஞாயிறானால் கதையே வேறு. தம்பின் ஊர்ப் பக்கம் தோட்டத்தை ஒட்டிய கொஞ்சம் நிலத்தில் அவர்கள் இருவரும் ஆடு வளர்த்தார்கள். தீவன மூட்டை, வேலிக்குக் கம்பி, சில நேரம் ஆடுகள் என்று எல்லாம் அவளுடைய சின்னக் காரின் பின்சீட்டில்தான் பயணம் செய்தன. மழை பெய்தால் செம்மண் பாதையில் கார் வழுக்கிக்கொண்டு நிற்கும். வாரம் ஐந்து நாள் நகரத்துக்கு அடங்கியும், இரண்டு நாள் தோட்டத்துக்கு ஈடுகொடுத்தும் ஓடுகிற ஒரே வண்டி எது என்பதுதான் அவர்கள் வீட்டில் கொஞ்ச காலமாக நடந்துகொண்டிருந்த வழக்கு.

அப்போதுதான் ஹிதாயத்துல்லா தன் வண்டியை விற்கப்போகிறார் என்ற செய்தி வந்தது. தம்பினில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு மொத்தமாகச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஃபோர்வீல் பிக்கப் வைத்திருந்தார். முழங்கால் வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால் கைமாற்றிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

"பழைய வண்டி, கை கியர். சும்மா பாத்துட்டு வரலாம், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே யோகேந்திரன் அந்தச் சனிக்கிழமை காலையில் கிளம்பினான்.

கடை வாசலில் வண்டி நின்றது. கரும்பச்சை நிறம். பின்தட்டு முழுக்கக் கீறல். ஆனால் இன்ஜினைத் திறந்து பார்த்தபோது யோகேந்திரனுக்குக் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. அது அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

"தங்கச்சி, கடைத்தெருவுல ஓட்டிப் பாத்தா இதைப் பத்தி ஒன்னும் தெரியாது" என்றார் ஹிதாயத்துல்லா. "தோட்டத்துக்கு ஓட்டுங்க. எனக்கும் அங்க சோறு கொடுக்குற வேலை இருக்கு. பழைய கித்தா ஃபேக்டரித் தொட்டில ஒரு தாப்பிர் விழுந்துருச்சாம். வனவிலங்கு இலாகா ஆளுங்க நேத்துலேருந்து அங்கதான் கெடக்குறாங்க."

"தாப்பிரா? அது இங்க இருக்கா பாய்?"

"காட்டுல இருக்கும்மா. இத்தனை வருசமா இந்தப் பக்கம் சோறு கொண்டுபோறேன், நானே பாத்ததில்ல."

சோற்று டப்பாக்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாதவி வண்டியை எடுத்தாள். தார்ச்சாலை முடிந்து செம்பனை வரிசைகளுக்கு நடுவே மண்பாதை தொடங்கியதும் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த யோகேந்திரனின் தலை கூரையில் இடித்தது.

"பாய், முதுகெலும்பு கழண்டுரும் போல லா!"

"காலி வண்டி துள்ளத்தான் செய்யும்" என்று ஹிதாயத்துல்லா சிரித்தார். "முதுகுல சுமை ஏறுனா அடங்கிரும். கல்யாணம் ஆன ஆம்பள மாதிரி."

ஓர் ஓடையின் குறுக்கே மரப்பாலம் வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கமே இலாகாவின் பெரிய லாரி நின்றுவிட்டிருந்தது. அந்தப் பலகைகள் லாரியைத் தாங்காது. மாதவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெல்ல அக்கரைக்குக் கொண்டுபோனாள்.

தோட்டம் கித்தாத் தோட்டமாக இருந்த காலத்து ஃபேக்டரி அது. கூரை போய்விட்டது. ரப்பர் பாலைச் சேர்த்து வைத்த சிமெண்டுத் தொட்டிகள் மட்டும் புதருக்குள் கிடந்தன. அதில் ஒன்றின் சுவரை இடித்து, வாய்போல் திறந்திருந்த இடத்தில் ஓர் இரும்புக் கூண்டை வைத்திருந்தார்கள். தழையும் வாழைப்பழமும் போட்டு ஆசைகாட்டி, அன்று விடியற்காலையில்தான் விலங்கு கூண்டுக்குள் வந்திருந்தது. சுற்றிலும் தோட்டத்து ஆட்கள் நின்றார்கள்.

மாதவி கிட்டே போனாள்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இரண்டு விலங்குகளை ஒன்றாக அடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். முன்பாதி கன்னங்கரேலென்று இருந்தது. பின்பாதியில் யாரோ துவைத்த வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டது போல் இருந்தது. பிறகு அது தலையைத் திருப்பியது. யானைக்குத் துதிக்கை வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனது போன்ற ஒரு மூக்கு கம்பிக்கு வெளியே நீண்டு, காற்றில் அவளைத் தேடியது. ஈரமான அந்த மூக்கின் நுனி அவள் முகத்துக்கு நேராக வந்து நின்று, விரிந்து, சுருங்கியது. காது ஓரங்களில் வெள்ளைக் கரை. சின்னஞ்சிறு கண்கள். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து ஓர் உறுமலைத்தான் அவள் எதிர்பார்த்தாள். அது விசில் அடித்தது. தேன்சிட்டின் குரல்போல் மெல்லிய, நீண்ட விசில்.

மாதவி ஓர் அடி பின்வாங்கினாள்.

"பயப்படாதீங்கக்கா, அது அப்படித்தான் பேசும்" என்றாள் பக்கத்தில் நின்ற இளம்பெண். இலாகாச் சட்டையும் தலைத்துணியும் சேறாகியிருந்தன. பெயர் ஃபாத்தின் என்றாள். சோற்று டப்பாவை வாங்கிக்கொண்டாளே தவிர, பிரிக்கவில்லை. அவள் கவலை வேறாக இருந்தது.

"வெயில் ஏறுதுக்கா. இரும்புக் கூண்டுல ரொம்ப நேரம் வைக்கக் கூடாது. காடு தோட்டத்துக்கு அந்தக் கோடியில, மேட்டுல இருக்கு. லாரி பாலத்தைத் தாண்டாது. எங்க ஃபோர்வீல் ஜெலுபுவுல வேற ஒரு வேலைக்குப் போயிருக்கு, வந்துசேர சாயங்காலம் ஆகும்."

"தோட்டத்து டிராக்டர் இருக்கே" என்றான் யோகேந்திரன்.

"அந்த டிரெய்லருக்கு ஸ்பிரிங்கே இல்லண்ணே. தூக்கித் தூக்கிப் போடும். இது வயித்துல குட்டி வச்சிருக்கு."

ஃபாத்தின் விரல் நீட்டிய இடத்தை மாதவி பார்த்தாள். அந்த வெள்ளை விலாப்புறம் மூச்சுக்கு ஏறி இறங்கியது. பிறகு மூச்சோடு சேராத ஓர் அசைவு. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று முட்டி, மெதுவாகப் புரண்டு, அடங்கியது. தினமும் மனிதர்களின் உள்ளே பார்ப்பதுதான் அவள் வேலை. எலும்பு, நெஞ்சு, முறிவு எல்லாம் கறுப்பு வெள்ளையாக அவள் கண்முன் வந்துகொண்டேயிருக்கும். அதெல்லாம் அசையாத படங்கள். இதுவோ வெட்டவெளியில், வெயிலில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வெள்ளைத் தோலுக்குப் பின்னால் விழித்துக்கொண்டிருந்தது.

"பாய், நம்ம வண்டியில ஏத்துனா தாங்குமா?" என்று அவள் கேட்டாள். 'நம்ம' என்று வாயில் வந்ததை அப்போது அவளே கவனிக்கவில்லை.

"தாங்கும். ஆனா மேட்டுல என் முட்டி கிளட்ச்சைத் தாங்காது. நீங்க ஓட்டுவீங்களா தங்கச்சி?"

யோகேந்திரன் அவள் கையைப் பிடித்தான். "மாதவி, மழை பெஞ்ச மேடு. ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"இங்கயே நின்னா அதுக்கு என்னங்க ஆகும்?"

அவன் கூண்டைப் பார்த்தான். அந்த மூக்கு இப்போது அவன் பக்கம் திரும்பியிருந்தது. பிடித்த கையை விட்டுவிட்டுப் போய் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டான்.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அர்ச்சுனன் அவர்களைக் கூட்டினார். வங்காளதேசத்து இளைஞர்களும் இந்தோனேசியக்காரர்களும் கூண்டுக்கு அடியில் மரக்கழிகளைச் செருகி, தோள் கொடுத்தார்கள். வழக்கமாகச் சுமை தூக்கும்போது எழும் சத்தம் ஒன்றுகூட இல்லை. கோயிலில் சாமியைப் பல்லக்கில் ஏற்றுகிறவர்களைப் போல மூச்சையும் அடக்கிக்கொண்டு தூக்கினார்கள். கூண்டு பின்தட்டில் உட்கார்ந்ததும் வண்டியின் பின்புறம் ஆழமாக இறங்கியது. திறந்த பின்கதவோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஃபாத்தின் கூண்டுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவளுக்கு முன்னாலேயே யோகேந்திரன் ஏறிவிட்டிருந்தான். கையில் ஒரு பெரிய தென்னங்கீற்றைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாதவி கியரைப் போட்டாள். அர்ச்சுனன் மோட்டார் சைக்கிளில் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனார்.

வண்டி துள்ளவில்லை. காலையில் குழிக்குக் குழி எகிறியது இதுதான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கனம் ஏறியதும் ஸ்பிரிங்குகள் படிந்து, பள்ளங்களில் தொட்டில்போல் இறங்கி ஏறியது. பின்னால் அந்த உயிர் ஒரு கால் மாற்றி நின்றால், அது இருக்கை வழியாக மாதவியின் முதுகுக்குத் தெரிந்தது. அது சாய்ந்தால் அவள் கையில் ஸ்டியரிங் லேசானது. கண்ணாடியில் பார்த்தாள். கீற்றின் நிழல், அதன் நடுவே கறுப்பும் வெள்ளையும், அதற்கு மேலே கணவனின் முகம். அவன் எதையோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரிடம் என்று யோசித்த பிறகுதான், அவன் அந்த விலங்கோடு பேசுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

மேடு வந்தது. முந்தின நாள் மழையில் செம்மண் நெய் தடவியதுபோல் பளபளத்தது. பாதி தூரத்தில் பின்சக்கரங்கள் வழுக்கின. வண்டி ஒரு சாண் அளவு பின்னுக்கு நகர்ந்தது. விசில் சத்தம் கேட்டது. கூண்டின் கம்பியில் பெரிய உடம்பு ஒன்று மோதி, வண்டி முழுவதும் ஆடியது. பக்கத்தில் ஹிதாயத்துல்லா கண்ணை மூடி எதையோ ஓதத் தொடங்கினார்.

மாதவி பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்தினாள். கியருக்குப் பக்கத்திலிருந்த இரண்டாவது குச்சியை இழுத்தாள். எங்கோ அடியில் ஒரு பல் இன்னொரு பல்லைக் கவ்வும் சத்தம் வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கிளட்ச்சை முடி முடியாக விட்டாள். நான்கு சக்கரங்களும் மண்ணைக் கடித்தன. வண்டி அவசரமே இல்லாமல், மாடு ஏறுவதைப்போல் மேட்டில் ஏறியது. இரும்புக்கு இத்தனை பொறுமை உண்டு என்று எந்த வீடியோவும் அவளுக்குக் காட்டியதில்லை.

மேலே செம்பனை முடிந்து காடு நின்றது. விளிம்பில் சலசலவென்று ஒரு நீரோடை. பின்னாலேயே நடந்து வந்த ஆட்கள் கூண்டை இறக்கிக் கதவைத் தூக்கியதும் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

அது உடனே வெளியே வரவில்லை. முதலில் மூக்கு மட்டும் வந்து, மண்ணைத் தொட்டு, ஓடையின் பக்கம் திரும்பியது. பிறகு ஒரு கால். பிறகு அந்தக் கரிய பாதி. அதன் பின்னால் வெள்ளைப் பாதி, வயிறு மெல்ல ஆட, ஒரு கல்யாணப் பெண்ணின் நிதானத்தோடு இறங்கியது. ஓடையில் நின்று குடித்தது. நடுவில் தலையைத் தூக்கி, வாயோரம் தண்ணீர் சொட்ட, நின்றவர்களையும் வண்டியையும் ஒரு தடவை பார்த்தது. அர்ச்சுனன் தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு அது மரங்களுக்குள் நடந்தது. உள்ளே வெயில் திட்டுத் திட்டாக விழுந்திருந்தது. கறுப்புப் பாதி நிழலோடும் வெள்ளைப் பாதி வெயிலோடும் கலந்தன. அவ்வளவு பெரிய உடம்பு, அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கிளைகூட ஒடியாமல், இல்லாமல் போனது.

"அல்லா" என்றார் ஹிதாயத்துல்லா கடைசியில்.

ஃபாத்தின் ஓடைக்கரையில் உட்கார்ந்து அப்போதுதான் சோற்று டப்பாவைப் பிரித்தாள். எல்லோருக்கும் ஒரு கவளம் நீட்டினாள்.

தம்பினுக்குத் திரும்பியதும் ஹிதாயத்துல்லா வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். "கழுவித் தரேன் தங்கச்சி. புதுசா ஒன்னு பாத்து வச்சிருக்கீங்கன்னு தம்பி சொன்னாரு. யோசிச்சுட்டே சொல்லுங்க."

மாதவி கணவனைப் பார்த்தாள். அவன் வண்டியின் பின்தட்டில் கையை வைத்தபடி நின்றான்.

"யோசிக்க என்ன பாய் இருக்கு?" என்றான் யோகேந்திரன். "திங்கக்கிழமை பேர் மாத்திருவோம். ஆஸ்பத்திரி கார்பார்க்குல திருப்ப கொஞ்சம் சூசா, கஷ்டமா இருக்கும். அதுக்கு மாதவி பழகிக்குவா."

சின்னக் காரில் சிரம்பானை நோக்கித் திரும்பினார்கள். தம்பின் எல்லை தாண்டியது. வலப்பக்கம் தூரத்தில் அந்தக் காட்டைச் சுமந்த மலை நீலமாகத் தெரிந்தது.

"மாதவி, அது நம்மளப் பாத்துச்சுல்ல?"

"பாத்துச்சுங்க."

அவன் தலையாட்டினான். மலை மறையும் மட்டும் இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் மாதவி காரின் வேகத்தைக் கூட்டினாள்.