மீனுக்குத் துணை

அந்தக் கடையில் இப்போது மருந்து விற்கிறார்கள். போன வாரம் இருமல் மருந்து வாங்கப் போனேன். எங்கள் நாற்காலிகளைத் தரையில் முடுக்கியிருந்த ஓட்டைகள் இன்னும் அடைபடவில்லை. வலது பக்கம் என் நாற்காலி. இடது பக்கம் மாப்பிள்ளை, என் தங்கையின் கணவன்.

பதினோரு வருடம் அப்படி நின்றோம். முடி வெட்டுகிறவர்கள் திரும்பிப் பார்த்துப் பேசுவதில்லை. கண்ணாடி வழியாகப் பேசுவோம். கை நிற்காது, பேச்சும் நிற்காது.

தங்கை இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். போகும்போது ஒரு ஃபைட்டர் மீனை வாங்கி அவனிடம் கொடுத்தாள். நீல உடம்பு, சிவப்பு வால். பிடித்து ஒரு நாள் வைத்த தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும், காலையில் நாலு உருண்டை தீனி, மாலையில் நாலு உருண்டை, அதற்கு மேல் ஒன்றுகூடப் போடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னாள். நான் திரும்பி வரும்போது இது உயிரோடு இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தான். பிறகு ஒரு நாள் ஜாடியை மடியில் வைத்து பஸ்ஸில் கடைக்குக் கொண்டுவந்தான். பகல் முழுக்கத் தனியாகக் கிடந்து ஏங்கிப்போய்விட்டது என்றான். ஜாடியைக் கண்ணாடியை ஒட்டி, சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தான். உள்ளே இன்னொரு மீன் தெரியும். துணைக்கு ஆயிற்று.

மீன் உடனே செவுளை விரித்தது. வாலை விசிறியாக்கிக்கொண்டு முன்னும் பின்னும் பாய்ந்தது. ஆள் வந்ததும் எப்படி ஆடுகிறது பார் என்றான். நானும் அதை ஆட்டம் என்றுதான் நினைத்தேன். வருகிறவர்களுக்கும் பிடித்துப்போனது. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல வருகிற ஒருவர் இருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். அவர்கூட முடி வெட்டி முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது வாரம் மீன் தீனியைத் தொடவில்லை. வாலின் ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. ஜாடியின் அடியில் சாய்ந்து கிடந்தது. தங்கை தினமும் காலையில் கூப்பிடுவாள். நன்றாக இருக்கிறது என்று இரண்டு நாள் சொன்னான். மூன்றாம் நாள் வளர்ப்பு மீன் விற்கிற அம்மாவைக் கடைக்கே அழைத்து வந்துவிட்டான்.

அந்த அம்மா மீனைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார்.

"யாரு இத இங்க வச்சது?"

"நான்தாம்மா. துணைக்கு."

"துணைன்னு நீங்க நெனச்சீங்க. அதுக்கு அது எதிரி. மூணு வாரமா ராப்பகலா சண்டை போட்டிருக்கு. இது தனியாவே இருக்கற ரகம்."

வால் ஆறும் என்று ஒரு காய்ந்த பாதாம் இலையைத் தண்ணீரில் போட்டார். இந்த நிலையில் பஸ்ஸில் குலுக்கினால் தாங்காது, இங்கேயே இருக்கட்டும் என்றார். எங்கள் கடையில் இரண்டு சுவரிலும் கண்ணாடி. எங்கே வைத்தாலும் எதிரி.

பழைய செய்தித்தாள்களை எடுத்து எல்லாக் கண்ணாடியிலும் ஒட்டினோம். என் பக்கம் எதற்கு என்று கேட்டேன். அவன் அடுத்த தாளுக்குப் பசை தடவினான்.

வந்தவர்கள் செய்தித்தாளைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வெட்டி முடித்ததும் ஒரு கைக்கண்ணாடியை, அதன் பின்பக்கம் ஜாடியைப் பார்க்கும்படி பிடித்துக் காட்டுவோம். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அவசரம் ஒரு கொலை வழக்கில் பாதியைப் படித்துவிட்டு, மீதி என் பக்கத்துச் சுவரில் இருக்கிறது, அங்கே மாறி உட்காரட்டுமா என்று கேட்டார்.

இப்போது பேச வேண்டுமென்றால் கையை நிறுத்தித் திரும்ப வேண்டும். அதனால் பேச்சு குறைந்தது. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை கத்தரியை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"செத்துட்டா அவகிட்ட என்ன மச்சான் சொல்றது?"

"மீன்தானே மாப்ள" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பதினோரு வருடத்தில் அவன் முகத்தை அப்படி நேராகப் பார்த்ததில்லை. மீன்தானே என்று சொல்லியிருக்கக் கூடாது.

பன்னிரண்டாம் நாள் காலை கடையைத் திறந்தபோது ஜாடியில் தண்ணீரின் மேல் குமிழிகள் திட்டாக நின்றன. சுகமாக இருந்தால்தான் இப்படிக் குமிழியால் கூடு கட்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். நாலு உருண்டைத் தீனியையும் தின்றுவிட்டு ஐந்தாவதுக்கு மேலே வந்து பார்த்தது. மாப்பிள்ளை என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான். இன்றைக்கும் அந்த அடியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

தங்கை கூப்பிட்டபோது அவன் கையில் சவர நுரை இருந்தது. ஸ்பீக்கரில் போட்டான். கண்ணாடி, சண்டை, செய்தித்தாள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அது தனியாவே இருந்துக்குமா?"

"அது இருந்துக்கும்" என்றான். சவரக் கத்தியைக் கீழே வைத்தான். "என்னால முடியல."

கடையில் எல்லோருக்கும் கேட்டது. அவன் நுரைக் கையோடு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். அவனுடைய நாற்காலியில் பாதி சவரத்தோடு உட்கார்ந்திருந்தவரை நான்தான் முடித்து அனுப்பினேன்.