மெழுகு மேசைக்கு மாறிய ஹஸன்

கச்சேரி சாலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஹஸனும் கணேசமூர்த்தியும் சேர்ந்து பல் செட் செய்யும் லேப் நடத்துகிறார்கள். மயிலாப்பூர், அடையாறு பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். கணேசமூர்த்தி மெழுகில் பற்களை நட்டு வரிசை கட்டுவான். அதன்பின் ஹஸனின் வேலை. பவுடரில் ரெசின் திரவத்தை ஊற்றி, மாவாகப் பிசைந்து, அச்சில் அழுத்தி வேகவைப்பான். மாவு இறுகி ஈறு நிறத்தில் வெளியே வரும். ஹஸன் பிசைந்ததில் ஒரு காற்றுக்குமிழியைக்கூடப் பார்க்க முடியாது என்று டாக்டர்களே சொல்வார்கள்.

அந்தக் கை போன கோடையில் கெட்டது. முதலில் அரித்தது. பிறகு விரல்நுனிகள் வறண்டு, பிளந்து, ரத்தம் கசிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தான். மெல்லிய கையுறை மாட்டிப் பார்த்தான். யாரிடமும் சொல்லவில்லை. மீன் குழம்புச் சோற்றை அவன் ஸ்பூனால் அள்ளுவதைக் கண்ட மனைவி அஸ்மத்துன்னிசா, கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“இன்னாங்க இது? இந்தக் கைய வச்சிக்கினா வேலைக்குப் போய்க்கினு கீறீங்க?”

மறுநாளே தி. நகரில் தோல் டாக்டர் ஷண்முகப்ரியாவிடம் கூட்டிப்போனாள். அவர் ஹஸன் முதுகில் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை ஒட்டி அனுப்பி, சில நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். ரெசின் பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது.

“இது அலர்ஜி. இனிமே துளி பட்டாலும் திரும்ப வரும். அந்தத் திரவம் மெல்லிசான கையுறைக்குள்ள புகுந்துடும். இறுகின செட்டைத் தொடலாம். பச்சை மாவு மட்டும் உங்களுக்கு ஆகாது” என்றார்.

லேபில் விஷயத்தைச் சொன்னபோது கணேசமூர்த்தி யோசிக்கவேயில்லை.

“நீ என் மேசைக்கு வந்துரு. மாவை நான் பாத்துக்கிடுதேன்.”

பல் வரிசை கட்டுவதில் பெயர் வாங்கியவன் அவன். அந்த மேசையையே விட்டுக்கொடுக்க முன்வந்தான். ஆனாலும் ஹஸன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

“எனக்கு வந்தது நாளைக்கு உனக்கும் வரட்டும்னா மச்சி? மொதல்ல வேலை செய்ற விதத்த மாத்தலாம். அப்பால மேசைய மாத்திக்கலாம்.”

தோல் டாக்டரிடமே கேட்டு, திரவம் எளிதில் ஊடுருவாத கையுறைகளை வாங்கினான். மாவைக் கையால் பிசைவது நின்றது. மூடிபோட்ட கிண்ணத்தில் கரண்டியால் கலந்து, பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அழுத்தப் பழகினார்கள். ஜன்னலில், நெடியை வெளியே தள்ளும் விசிறி ஏறியது. அதற்குப் பிறகுதான் ஹஸன் மெழுகைத் தொட்டான்.

இத்தனை வருஷம் கைதேர்ந்தவன், மறுபடி கற்றுக்குட்டி ஆனான். ஒரு பல்லை நிமிர்த்தினால் பக்கத்துப் பல் சாயும். உருக்கி, மறுபடி நடுவான். முகம் சுளித்ததில்லை.

முதலில் அனுப்பியது ஸ்ரீரங்கன் என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கு. கிளினிக்கில் மெழுகு நிலையிலேயே வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஹஸன் நேரே கிளினிக்குக்குப் போனான்.

“சிரிச்சா வேற யாரோ மாதிரி இருக்கேன்னு ஆத்துலேர்ந்து கூட வந்தவா எல்லாரும் சொல்றா, சார்” என்றார் ஸ்ரீரங்கன்.

“உட்காருங்க சார். கொஞ்சம் பேசலாம்.”

கிரிக்கெட், தண்ணீர் லாரி, மெட்ரோவுக்காகத் தோண்டிய ரோடு என்று பேச்சு நீண்டது. அவர் பேசிச் சிரிக்கும்போதெல்லாம் ஹஸனின் கண் அவர் உதட்டை விட்டு நகரவில்லை. திரும்பி வந்து வரிசை முழுவதையும் பிரித்துக் கட்டினான். இந்த முறை ஸ்ரீரங்கன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைக்க மறுத்ததாகப் பல் டாக்டர் போன் செய்தார்.

அந்த மெழுகு வரிசை லேபுக்குத் திரும்பி வந்ததும் கணேசமூர்த்தி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கோரைப்பல்ல ஏன் சாய்ச்ச?”

“அவரு சிரிக்கச்சொல்ல அந்தப் பக்கம்தான் உதடு மேல போவுது.”

கணேசமூர்த்தி இன்னொரு முறை பார்த்தான். “நான் நேரா வச்சிருப்பேன். இதுதான் சரி” என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு மாவு கலக்கப் போனான்.