படகின் மூக்கில் சலூன் கண்ணாடி

எழுபத்தொரு நாளாக ஒரு படகு கரையை ஒட்டியே போய், இப்போது ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் லாரி டிரைவர். பின்னால் அவன் அக்கா புருஷன், சலூன்காரர். ஆளுக்கொரு துடுப்பு. வழியில் ஓர் ஆமை அவர்களை இரண்டு முறை முந்தியது. இரண்டாம் முறை பாவம் பார்த்து மெதுவாகவே முந்தியது. ஒரு நாரை இரண்டு நாள் ஓசியில் உட்கார்ந்து வந்து, தன் இடம் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போனது. நம்பாதவர்கள் ஆமையைக் கேட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும்போது சொந்தபந்தம் முன்னால் ஒரு பேச்சு: யார் கை ஓய்கிறதோ, அவர் அடுத்த கரையில் இறங்கிக்கொள்ள வேண்டும். "மூணாம் நாள் பஸ் ஏறி வந்துருவீங்க, பாருங்க" என்று சலூன்காரரின் மனைவி வேறு சிரித்திருந்தாள்.

சலூன்காரருக்கு வலது தோள் போய்ப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இழுத்தால் உயிர் போனது. அதனால் துடுப்பைத் தண்ணீரில் 'சளக்' என்று போடுவார், எடுப்பார். அவ்வளவுதான். முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்க்காதவரை தப்பித்தோம் என்றிருந்தார்.

கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதைத் தாண்டினால் வீடு.

"மாமா, அந்த மணல்ல கொஞ்சம் ஒதுக்குவோம்" என்றான் டிரைவர்.

சலூன்காரரின் துடுப்பு சளக் சளக் என்று வேகமாக விழுந்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு என்னை இங்க இறக்கிடாத மாப்ளே. தோள் போச்சு. பன்னெண்டு நாளா ஏமாத்திக்கிட்டுதான் வர்றேன்."

"தெரியும் மாமா."

"எப்படி?"

டிரைவர் படகின் மூக்கைக் காட்டினான். கண்ணாடி இல்லாமல் எந்த வண்டியையும் எடுக்கமாட்டேன் என்று, முதல் நாளே அவரிடம் ஒரு சலூன் கண்ணாடியை வாங்கி அங்கே கட்டியிருந்தான். முப்பது வருஷம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பின்னாலேயே நின்று வேலை பார்த்தவருக்கு, தன் கையும் அதில் தெரியும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

"அப்ப ஏன்டா இறக்கிவிடல?"

"கை ஓய்ஞ்சாதானே இறங்கணும்? நீங்கதான் ஆட்டிக்கிட்டே வர்றீங்களே. அந்தச் சளக் சத்தம் இல்லேன்னா நான் என்னைக்கோ தூங்கியிருப்பேன்."

"பின்ன இப்ப எதுக்குக் கரை?"

"ஒண்ணுக்கு வருது மாமா."

அது முடிந்து, கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும், கரையில் சலூன்காரரின் மனைவி நிற்பது தெரிந்தது.

"மாமா, தண்ணி நல்லா தெறிக்கட்டும். அக்கா பாக்குது."

சலூன்காரர் இடது கையால் அடித்த அடியில், கடல் மீன்கள் வாழ்க்கையில் முதல்முறையாக நனைந்தன.

படகு மணலில் ஏறியது. அவள் கணவனின் உள்ளங்கையைப் பிரித்துக் கொப்புளங்களைப் பார்த்தாள். தம்பி பக்கம் திரும்பினாள்.

"பாவம், இவரையே துடுப்புப் போடவிட்டுட்டு நீ எருமை மாதிரி உக்காந்து வந்தியாடா?"

"ஆமாக்கா" என்று டிரைவர் கண்ணாடியை அவிழ்க்கக் குனிந்தான்.

சலூன்காரர் வாயைத் திறந்தார். கண்ணாடிக்குள் ஒரு கண் சிமிட்டியது. மூடிக்கொண்டார்.