தெசலோனிக்கருக்கு ஒரு கடிதம்

இறந்துபோன மனைவி பெர்னடெற்றின் ஆண்டு நினைவுத் திருப்பலி நாளை. ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு, லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டுச் சமையலறையில் நிர்மலன் திருப்பலியில் வாசிக்க வேண்டிய வாசகத்தைப் படித்துப் பழகினான். புனித பவுல் தெசலோனிக்கா நகரத்தாருக்கு எழுதிய கடிதம்; இறந்தவர்களை நினைத்து, நம்பிக்கையில்லாதவர்களைப் போலக் கவலைப்படாதீர்கள் என்று சொல்லும் பகுதி. கணவன்தான் வாசிக்க வேண்டும் என்று அவள் தமையன் எட்வேட் சொல்லியிருந்தார்.

இரண்டாம் வரியோடு வாசிப்பதை நிறுத்தினான். கிரேக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்குத்தான் அவனும் பெர்னடெற்றும் சுற்றுலா போகவிருந்தார்கள். பிரிட்ஜ் கதவில் அவள் எழுதி ஒட்டிய பயணக் குறிப்புத் தாள் இன்னும் இருந்தது. துறைமுகத்துப் பழைய கிடங்குகளில் இப்போது அருங்காட்சியகங்கள். அங்கிருந்து கடலோரமாகவே நடந்தால் வெள்ளைக் கோபுரம். வழியில் எள்ளுத் தூவிய வளையப் பாண் வாங்கலாம். கடைசி வரி: ‘புதுச் சப்பாத்துப் போடாதேங்கோ, கால் கடிக்கும்.’

“ஏலாட்டி நான் வாசிக்கிறன்,” என்றார் மேசைக்கு எதிரே இருந்த எட்வேட்.

“கவலைப்படாதேங்கோ எண்டு நான் எப்பிடி அண்ணை சனத்துக்குச் சொல்லுறது? எனக்கே நம்பிக்கையில்லை.”

“நீ எங்க சொல்லுறாய்? சொல்லுறது பவுல். நீ தபால்காரன். குடுத்திட்டு வந்து இரு.”

நிர்மலன் தாளை மெல்ல உரித்தெடுத்து வாசகப் புத்தகத்துக்குள் வைத்தான். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினான். கடிதம் போக வேண்டிய ஊர் அவனுக்குத் தெரிந்ததுதான். வழியை அவள் எழுதி வைத்திருக்கிறாள்.